நின்று கேள்வி கேட்கும் காணொளி: விசுவமடுவில் இருந்து பல்கலைக்கழக விஞ்ஞானம் படிப்பது

2020 மார்ச்சில் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, திருநெல்வேலியிலும் பம்பைமடுவிலும் அறிவியல் நகரிலும் விடுதிகளில் இருந்த வன்னிப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். கொஞ்ச நாளில் விரிவுரைகள் ஸூம் வழியாகத் தொடங்கின. இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ண் வலையமைப்பு ஸூம் வசதியை ஏற்படுத்திக் கொடுத்தது. தொலைபேசி நிறுவனங்கள் அந்த வகுப்புகளுக்கான டேட்டாவுக்குக் காசு எடுக்காமல் விட்டன. அது பெரிய காரியம்தான். ஆனால் காசுப் பிரச்சினை தீர்ந்ததே தவிர, சிக்னல் பிரச்சினை தீரவில்லை.

பதுளைப் பக்கத்துப் பொகிட்டியாவக் கிராமத்தில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சிக்னல் தேடிக் காட்டுப்பாறையில் ஏறியது 2021இல் உலகச் செய்தியானது. பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் விசுவமடு, தொட்டியடி, றெட்பானா, உடையார்கட்டு என்று போகும் வழியில் ஏறுவதற்குப் பாறை இல்லை. இங்கே பிள்ளைகள் வீதிக்கரைக்கு வந்தார்கள். ஒரு கையில் போன், மடியில் கொப்பி, மதகுக் கட்டில் இருந்தபடி பௌதிக விரிவுரை. யாரும் படம் எடுத்துப் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த நாட்களில் பலரிடம் பேசியபோது எனக்கு விளங்கிய ஒன்று உண்டு. நேரலை விரிவுரை என்ற வடிவமே பலவீனமான இணைப்புள்ளவரைத் தண்டிக்கிற வடிவம். ஒரு சமன்பாட்டை நிறுவும்போது மூன்றாவது வரியில் இணைப்பு அறுந்து ஆறாவது வரியில் திரும்பி வந்தால், மீதி ஒரு மணித்தியாலம் வெறும் சத்தம். கேள்வி கேட்கலாம். ஆனால் எண்பது பேர் இருக்கிற வகுப்பில், ஆங்கிலத்தில், இரைச்சலோடு திறக்கிற மைக்கில், "சேர், அந்த மூன்றாவது வரி" என்று கேட்க விசுவமடுப் பிள்ளைக்கு வாய் வராது. விரிவுரையின் பதிவு பிறகு கிடைக்கும். இரண்டு மணித்தியாலப் பதிவை இரவு பத்து மணிக்குத் திறந்தால் பத்தாவது நிமிடத்தில் நித்திரை வரும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. உலகத்தில் பல பல்கலைக்கழகங்கள் விஞ்ஞானப் பாடங்களுக்கு இதைப் பயன்படுத்துகின்றன. நம் பிரதேசத்தில் இதைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. ஆங்கிலப் பெயரை மொழிபெயர்த்தால் ஊடாட்டக் காணொளி. நான் நின்று கேட்கும் காணொளி என்று சொல்வேன்.

என்ன செய்கிறது?

சாதாரணக் காணொளி ஓடிக்கொண்டே இருக்கும். இது குறித்த இடத்தில் தானாக நிற்கும். திரையில் ஒரு கேள்வி வரும். விடையைத் தெரிவு செய்தாலோ, எண்ணைத் தட்டினாலோ, இடைவெளியை நிரப்பினாலோதான் மேலே போகும். பிழையான விடை என்றால் ஏன் பிழை என்று இரண்டு வரி காட்டும், அல்லது அந்த விடயம் விளக்கப்பட்ட நிமிடத்துக்கே திருப்பிக் கொண்டுபோகும். சரி என்றால் அடுத்த பகுதி. ஓரத்தில் ஒரு கலைச்சொல்லைத் தொட்டால் அதன் விளக்கம் திறக்கும்படியும் செய்யலாம்.

இதைச் செய்யும் கருவிகளில் மூன்று பெயர்கள் அடிக்கடி அடிபடும்: எட்பசில், பிளேபொசிட், எச்5பி. முதலிரண்டும் நிறுவனங்கள் நடத்தும் இணைய சேவைகள். இலவச அளவுக்கு மேலே போனால் காசு. எச்5பி திறந்த மூலமென்பொருள். 2013இல் நோர்வேயின் ட்ரொம்சோ நகரத்தில் உருவானது. நோர்வே என்றால் வன்னியில் வேறு ஞாபகங்கள்தான் முதலில் வரும், இருந்தாலும் இது அங்கேயிருந்து வந்த பயனுள்ள பொருள். நமக்கு முக்கியமான விடயம், எச்5பி மூடில் என்ற கற்றல் தளத்துக்குள்ளேயே இயங்கும். மூடிலை 2002இல் அவுஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமாஸ் வெளியிட்டார். இன்றைக்கு இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர்கள் விரிவுரைக் குறிப்புகளை இறக்குவதும் ஒப்படைகளை ஏற்றுவதும் மூடிலில்தான். ஆகவே புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. பூட்டிக் கிடக்கிற அறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி கேட்டால் என்ன ஆகும்?

நான் ஊடகக் கற்கை படித்தவர். பார்வையாளரின் கவனம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது எங்கள் தொழிலில் சோற்றுப் பிரச்சினை. அதனால் இந்த ஆய்வுகளைக் கொஞ்சம் ஆர்வத்தோடு தேடிப் படித்தேன்.

2013இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சுபுனர், கான், சாக்டர் என்ற மூவர் செய்த பரிசோதனை எளிமையானது. புள்ளிவிபரவியலில் 21 நிமிட விரிவுரைக் காணொளி ஒன்றை நான்கு துண்டுகளாக வெட்டினார்கள். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு துண்டின் முடிவிலும் சிறிய கேள்விகள் கொடுத்தார்கள். மற்றக் குழுவுக்குக் கொடுக்கவில்லை. இடையிடையே "இப்போது மனம் எங்கே இருக்கிறது?" என்று இரு பகுதியினரையும் கேட்டபோது, கேள்வி இல்லாத குழுவில் 41 வீதமான தடவைகள் மனம் வேறெங்கோ போயிருந்தது. கேள்வி கேட்கப்பட்ட குழுவில் அது 19 வீதம். குறிப்பெடுத்ததும் கேள்வி கேட்கப்பட்டவர்கள்தான் கூட. கடைசிச் சோதனையிலும் அவர்களே நன்றாகச் செய்தார்கள்.

அடுத்த வருடம் எட்எக்ஸ் தளத்தில் நான்கு பாடநெறிகளின் 69 இலட்சம் பார்வைகளை ஆராய்ந்தார்கள். காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், இடைநிலைப் பார்வை நேரம் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. வசதியான நாடுகளில், நல்ல இணைப்போடு, விரும்பிச் சேர்ந்தவர்களின் கதை இது. இரண்டு மணித்தியால ஸூம் பதிவை மூடிலில் ஏற்றிவிட்டு "எல்லாம் போட்டிருக்கு" என்று சொல்கிறவர்கள் இந்த 6 நிமிடத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

2014இலேயே வந்த இன்னொன்று, விஞ்ஞானம், பொறியியல், கணிதம் கற்பித்தல் பற்றிய 225 ஆய்வுகளை ஃபிறீமனும் சகாக்களும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வெறும் விரிவுரை கேட்ட வகுப்புகளில் சித்தியடையாதவர்கள் சராசரியாக 33.8 வீதம். மாணவர் ஏதாவது செய்து, யோசித்து, பேசிப் படித்த வகுப்புகளில் 21.8 வீதம். இது காணொளி பற்றிய ஆய்வல்ல, நேரடி வகுப்புகள் பற்றியது. ஆனாலும் காணொளியை நிறுத்திக் கேள்வி கேட்பது ஏன் வேலை செய்கிறது என்பதற்கான அடிப்படை அங்கேதான் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு வீத வித்தியாசத்தை நான் ஊர்க் கணக்கில் பார்க்கிறேன். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் எல்லாம் பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்தவை என்று கணக்கிடப்படும் 16 மாவட்டங்களுக்குள் வருகின்றன. அந்த மாவட்டங்களுக்கென்று 5 வீத இடங்கள் தனியாக ஒதுக்கப்படுகின்றன. எவ்வளவோ பாடுபட்டு உள்ளே போன பிள்ளை முதல் வருட இரசாயனவியலில் விழுந்து திரும்பி வந்தால், அந்த ஒதுக்கீட்டால் அந்த வீட்டுக்கு என்ன பிரயோசனம்?

ஒரு நியமிப்பு, எட்டு நிமிடம்

பொதுவாகப் பேசினால் விளங்காது. முதல் வருட மாணவர் எல்லாரும் செய்யும் ஒரு பரிசோதனையை எடுப்போம்: சோடியமைதரொட்சைட்டுக் கரைசலால் ஐதரோகுளோரிக்கமிலத்தை நியமித்து அமிலத்தின் செறிவைக் காண்பது. உயர்தரத்திலேயே வருகிற பாடம். ஆனால் வன்னியின் பல பாடசாலைகளில் இருந்து வந்த பிள்ளைகள் அளவியைக் கையில் பிடித்த தடவைகளை விரல்விட்டு எண்ணலாம். ஆய்வுகூடம் இருந்தால் இரசாயனப் பொருள் இல்லை, பொருள் இருந்தால் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போயிருப்பார்.

இதற்கு நல்ல ஊடாட்டக் காணொளி ஒன்று எப்படி இருக்கும்?

முதல் நிமிடத்தில் அளவியைக் கழுவும் காட்சி. நிற்கிறது. "கடைசியாக எதனால் கழுவ வேண்டும், நீராலா, நிரப்பப்போகும் கரைசலாலா?" நீர் என்று சொன்னவருக்கு, உள்ளே ஒட்டிக்கொண்ட நீர்த்துளிகள் கரைசலை ஐதாக்குவதைக் காட்டும் இருபது செக்கன் துண்டு ஓடும். கரைசல் என்றவர் நேரே போகலாம்.

அடுத்து அளவீடு. கமெரா அளவியின் பக்கத்தில் கண்மட்டத்தில் நிற்கிறது. திரவத்தின் பிறையுரு தெரிகிறது. "வாசிப்பைத் தட்டுங்கள்." இங்கே தெரிவு விடைகள் கொடுக்கக் கூடாது, எண்ணைத் தட்டவைக்க வேண்டும். அளவி மேலிருந்து கீழாக எண்ணிடப்பட்டது, 22.40க்குப் பதில் 23.60 என்று தலைகீழாக வாசிக்கும் பிழை அடிக்கடி வருவது. அந்த விடையைத் தட்டினால், தலைகீழாக வாசித்துவிட்டீர்கள் என்று அந்தப் பிழைக்கே உரிய மறுமொழி வர வேண்டும். வெறும் சிவப்புப் புள்ளடி காட்டினால் அது சோதனைத்தாள், பாடமல்ல.

பிறகு முடிவுப் புள்ளி. பினோத்தலீன் போட்ட அமிலம் நிறமற்று இருக்கிறது. காரம் துளித்துளியாக விழுகிறது. இளஞ்சிவப்பு தோன்றி மறைகிறது, மறுபடி தோன்றி மறைகிறது. "எப்போது நிறுத்துவீர்கள்? அந்தக் கணத்தில் திரையைத் தொடுங்கள்." ஆய்வுகூடத்தில் பலர் கடுஞ்சிவப்பு வரும்வரை விட்டுவிடுவார்கள். மங்கலான இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் போதும் என்பதைச் சொல்லித் தெரிவதைவிட, தானே பிந்தித் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வது மறக்காது.

கடைசியில் கணக்கு. 25.00 கன சென்ரிமீற்றர் அமிலத்துக்கு 0.100 செறிவுள்ள காரம் 22.40 கன சென்ரிமீற்றர் செலவானால் அமிலத்தின் செறிவு 0.0896. மூல் விகிதம் ஒன்றுக்கொன்று. எட்டு நிமிடம் முடிந்தது.

இதில் விலை உயர்ந்த பொருள் ஏதாவது இருக்கிறதா? ஒரு ஆய்வுகூட மேசை, ஒரு கைத்தொலைபேசி, அதை நிறுத்த நாலு புத்தகம். தொழில்ரீதியாக நான் சொல்லக்கூடியது, படத்தைவிடச் சத்தத்தில் கவனம் எடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். மங்கலான படத்தைப் பிள்ளை பொறுத்துக்கொள்ளும். இரைச்சலான குரலைப் பொறுக்காது. செலவாவது ஆசிரியரின் நேரம்தான். மாணவர் எங்கே பிழைவிடுவார் என்று தெரிந்த ஆசிரியரால்தான் நல்ல கேள்வி போடமுடியும். ஒரு வருட விடைத்தாள்களைத் திருத்தியவரிடம் அந்தப் பட்டியல் தலைக்குள் இருக்கும்.

கேள்விக்குப் பதில் சொல்லாமல் முன்னே ஓட்டமுடியாதபடி பூட்டிவைக்கும் வசதியும் எச்5பியில் உண்டு. சில விரிவுரையாளர்களுக்கு அது பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. மாடு கட்டிப் பால் கறந்துவிட்டு வந்து மூன்றாம் தரம் அதே காணொளியைப் பார்க்கிறவருக்கு, தனக்குத் தேவையான இரண்டு நிமிடத்துக்கு நேரே போகும் சுதந்திரம் வேண்டும்.

ஆர்முடுகலா, முடுக்கமா?

வன்னிப் பிள்ளை பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் தொடங்குகிறது. வாய்மொழியில் எல்லாரும் ஒத்துக்கொள்ளும் இந்த இடறலுக்கு இணையவழிக் கல்வி இன்னொரு குழியையும் வெட்டியது. ஆங்கில விரிவுரை விளங்காத பிள்ளை யூரியூப்பில் தமிழ் விளக்கத்தைத் தேடும். அங்கே கிடைப்பது பெரும்பாலும் தமிழ்நாட்டுக் காணொளி. நல்ல காணொளிகள்தான். ஆனால் அவர்களின் இயற்பியல் நமக்குப் பௌதிகவியல். அவர்களின் வேதியியல் நமக்கு இரசாயனவியல். நாங்கள் ஆர்முடுகல் என்று படித்தது அங்கே முடுக்கம். ஒட்சிசன் ஆக்சிஜன் ஆகிறது. கலம் செல் ஆகிறது. ஒளித்தொகுப்பு ஒளிச்சேர்க்கை ஆகிறது. காபனீரொட்சைட்டு கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. ஆக, ஒரே கருத்துக்கு ஒரு பிள்ளை மூன்று சொல் சுமக்கிறது: பாடசாலைச் சொல், தமிழகச் சொல், ஆங்கிலச் சொல்.

இந்தியாவில் இதற்குப் பெரிய முதலீடு நடந்திருக்கிறது. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.ரி.ஈ.எல். திட்டத்தில் பல்கலைக்கழக மட்டப் பாடநெறிகள் காணொளியாக இருக்கின்றன. சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. தமிழ்நாட்டரசு 2023இல் வெளியிட்ட மணற்கேணி செயலியில் பாடசாலைப் பாடங்கள் காணொளியோடு கேள்வியும் சேர்ந்து வருகின்றன. இவற்றை இங்கிருந்தும் பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். ஊடாட்டக் காணொளியின் ஒரு நன்மை என்னவென்றால், ஏற்கெனவே இருக்கும் காணொளியின் மேலேயே நம் கேள்விகளையும் நம் சொற்களையும் ஒட்டலாம். காணொளியில் முடுக்கம் என்று வரும் இடத்தில், திரையின் மூலையில் ஆர்முடுகல் என்ற சொல்லும் அதன் ஆங்கிலச் சொல்லும் தோன்றச் செய்தால் போதும். ஒரு பாடத்துக்கு அரை மணித்தியால வேலை. பாடத்தைத் தமிழில் நடத்துவதா ஆங்கிலத்தில் நடத்துவதா என்ற முடியாத விவாதத்துக்குள் போகாமலே இதைச் செய்யலாம். முதல் வருடத்துக்கு மட்டும் செய்தாலும் பெரிய உதவி.

டேட்டா இல்லாமல்

கணக்குப் பார்ப்போம். ஒரு காணொளி செக்கனுக்கு 500 கிலோபிட் வேகத்தில் ஓடுகிறதென்றால் பத்து நிமிடத்துக்கு 37.5 மெகாபைட். ஒரு மணித்தியாலத்துக்கு 225. பெரிய எழுத்தில் எழுதிய வெண்பலகை இந்தத் தரத்திலேயே தெளிவாகத் தெரியும். நிலைப்படமும் குரலும் மட்டும் என்றால் இன்னும் எவ்வளவோ குறையும். செக்கனுக்கு 32 கிலோபிட் குரல், பத்து நிமிடத்துக்கு 2.4 மெகாபைட்தான். ஆகவே எல்லாவற்றையும் ஓடும் படமாக எடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. அளவியை வாசிக்கும் இடத்தில் படம் ஓடட்டும். கணக்குச் செய்யும் இடத்தில் ஒரு படமும் குரலும் போதும்.

அதைவிட முக்கியமான வசதி, மூடிலின் கைத்தொலைபேசிச் செயலியில் எச்5பி பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு இணைப்பு இல்லாமலே செய்யலாம். பதில்களைச் செயலி வைத்திருந்து, பிறகு இணைப்பு வரும்போது அனுப்பும். புதுக்குடியிருப்புக்கோ கிளிநொச்சிக்கோ போகும் நாளில் இறக்கிக்கொண்டு வந்து ஒரு கிழமைக்குப் படிக்கலாம். ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைப் பல விரிவுரையாளர்கள் கவனிப்பதில்லை. காணொளியைக் கோப்பாக மூடிலில் ஏற்றியிருக்க வேண்டும். யூரியூப் இணைப்பை ஒட்டியிருந்தால் இறக்கமுடியாது. கேள்விகள் மட்டும் இறங்கும், படம் இறங்காது.

இணையமே இல்லாமல் நடத்தவும் வழி இருக்கிறது. அமெரிக்காவின் லேர்னிங் ஈகுவாலிட்டி அமைப்பு உருவாக்கிய கொலிப்ரி என்ற இலவச மென்பொருளை ஒரு பழைய மடிக்கணினியிலோ ராஸ்பெரி பை போன்ற கையடக்கக் கணினியிலோ போட்டு, பாடங்களை ஒருதரம் ஏற்றிவிட்டால், சுற்றியுள்ள போன்கள் வைஃபை மூலம் அதோடு இணைந்து படிக்கும். வெளியிணைப்பு தேவையில்லை. எச்5பி பாடங்களும் அதில் ஓடும். சனசமூக நிலையத்திலோ வாசிகசாலையிலோ ஒரு பெட்டி, ஒரு சூரியத் தகடு, ஒரு பற்றரி. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது நாட்டின் மற்றப் பகுதிகள் திகைத்தன. போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை இங்கே இருக்கிறது. மின்சாரமும் இணைப்பும் எப்போதும் இருக்கும் என்று எண்ணி வடிவமைக்கப்பட்ட கல்வி இந்த ஊருக்கு உதவாது என்று அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கமெராவை ஏன் திறக்கவில்லை?

ஸூம் வகுப்புகளில் சில இடங்களில் கமெராவைத் திறக்கச் சொல்லி வற்புறுத்தினார்கள். பூசாத சுவர், தகரக் கூரை, பின்னால் நடமாடும் அம்மம்மா, படுத்த படுக்கையில் இருக்கும் அப்பா. பிள்ளை கமெராவைத் திறக்காததற்கு அக்கறையின்மைதான் காரணம் என்று முடிவெடுத்தவர்கள் உண்டு. நின்று கேட்கும் காணொளிக்குப் பிள்ளையின் முகம் தேவையில்லை. அவருடைய விடை மட்டும் போதும்.

ஆனால் அது வேறொன்றைப் பதிவு செய்கிறது. யார், எத்தனை மணிக்கு, எந்த நிமிடத்தைத் திரும்பப் பார்த்தார், எத்தனை தரம் பிழைவிட்டார் என்ற விபரங்கள் ஆசிரியருக்குப் போகக்கூடும். கற்பிப்பவருக்கு அது நல்ல கருவி. பாதி வகுப்பு ஒரே இடத்தில் பின்னே ஓட்டிப் பார்த்தால் அந்த இடத்தை மறுபடி எடுக்கவேண்டும் என்று தெரியும். எங்கள் ஊர்களில் பதிவு என்ற சொல்லுக்கு வேறு பாரம் இருக்கிறது. பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் என்று எத்தனையோ படிவங்கள் நிரப்பிய சனம். ஆகவே என்ன பதிவாகிறது, யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்வது மரியாதை. வெளிநாட்டு நிறுவனத் தளத்தில் மாணவர் பெயரோடு கணக்குத் திறப்பதைவிட, பல்கலைக்கழகத்தின் சொந்த மூடிலுக்குள் வைத்துக்கொள்வதையே நான் விரும்புவேன்.

இன்னொரு விடயம். குண்டுச் சிதறல் உடம்பில் இருப்பவர்கள், ஒரு காது கேளாதவர்கள், ஒரு கையை இழந்தவர்கள் வன்னியில் படிக்கும் வயதிலும் படிப்பிக்கும் வயதிலும் இருக்கிறார்கள். இழுத்து விட்டுப் பொருத்தும் கேள்விகள் பார்க்க அழகு. ஆனால் ஒரு கையால் போனைப் பிடித்து மறுகை இல்லாதவருக்கு அவை வதை. தொட்டுத் தெரிவு செய்யும் கேள்வியாக மாற்றினால் பாடம் ஒன்றும் குறைந்துவிடாது. துணைத்தலைப்பு காது கேளாதவருக்கு மட்டுமல்ல, விரிவுரையாளரின் ஆங்கில உச்சரிப்பு பிடிபடாதவருக்கும் உதவும். சோடியத்தைத் தண்ணீரில் போட்டு வெடிக்கவைக்கும் காட்சியைப் பல இரசாயனக் காணொளிகள் திடீரென்று முழுச் சத்தத்தில் போடுகின்றன. முன்னால் ஒரு வரி எச்சரிக்கை போட்டால் என்ன குறைந்துவிடும்?

2009 ஓகஸ்டில் செட்டிகுளம் முகாம்களுக்குள் இருந்து உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள் இன்றைக்கு முப்பதுகளின் நடுவில் இருக்கிறார்கள். எழுதாமலே விட்டவர்கள் அவர்களைவிடக் கூட. என் வயதொத்தவர்கள். அவர்களில் சிலர் இப்போது பிள்ளைகளை நித்திரையாக்கிவிட்டு, விட்ட படிப்பைத் தொடத் தொடங்கியிருக்கிறார்கள். 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வேலையோடும் குடும்பத்தோடும் விஞ்ஞானப் பட்டம் படிக்கக்கூடிய இடம். யாழ்ப்பாணத்தில் அதற்குப் பிராந்திய நிலையம் இருக்கிறது. இப்படிப்பட்டவருக்கு நேரலை வகுப்பைவிட, இரவு பதினொரு மணிக்குத் திறந்தாலும் பொறுமையாகக் கேள்வி கேட்கும் எட்டு நிமிடக் காணொளிதான் பொருந்தும். பதினைந்து வருட இடைவெளிக்குப் பிறகு மூல் கணக்கில் பிழைவிடும்போது யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பதும் ஒரு ஆறுதல்.

கை படாத விஞ்ஞானம்

இவ்வளவு சொன்ன பிறகும், காணொளி ஆய்வுகூடத்துக்கு ஈடாகாது. பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1971இல் முதல் மாணவர்களோடு தொடங்கியபோது, பி.பி.சி.யில் விரிவுரைகளை ஒளிபரப்பியது. அதோடு நிற்கவில்லை. விஞ்ஞான மாணவர்களின் வீட்டுக்குப் பரிசோதனைப் பெட்டியைத் தபாலில் அனுப்பியது. சட்டைப் பைக்குள் அடங்கும் பிளாஸ்ரிக் நுணுக்குக்காட்டிகூட அதில் இருந்தது. திரையில் பார்ப்பதும் கையால் தொடுவதும் ஒன்றல்ல என்று அவர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

இடைநடுவில் நிற்கும் ஒன்று ஒப்புருவாக்கம். பௌதிகவியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பெட் திட்டத்தில் மின்சுற்று, எறிபொருள், அமிலம்–காரம் என்று நிறைய இலவச ஒப்புருக்கள் இருக்கின்றன. பலவற்றுக்குத் தமிழ்ப் பதிப்பும் உண்டு. இறக்கி வைத்து இணைப்பில்லாமல் ஓட்டலாம். காணொளியை நடுவில் நிறுத்தி, "இப்போது மின்சுற்று ஒப்புருவைத் திறந்து இன்னொரு மின்குமிழைச் சேர்த்துப் பாருங்கள், அம்பியர்மானி என்ன காட்டுகிறது?" என்று கேட்கலாம்.

ஆனாலும் நியமிப்பைக் கையால் செய்யத்தான் வேண்டும். காணொளியின் பயன், மாணவர் ஆய்வுகூடத்துக்கு வரும்போது அளவியை எப்படிக் கழுவுவதென்று கேட்டுக்கொண்டு நிற்காமல் வேலையைத் தொடங்குவது. அந்தச் செய்முறைகளை வார இறுதிகளில் கிளிநொச்சியில் வைத்தால் விசுவமடுக்காரர் காலை பஸ்ஸில் போய் மாலை திரும்பலாம். விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரால் யாழ்ப்பாணம் போய், பல வருடம் கழித்துத் திரும்பி வந்தது. அறிவியல் நகரில் இன்றைக்கு அந்தப் பீடத்தோடு பொறியியல், தொழில்நுட்ப பீடங்களும் இருக்கின்றன. ஆய்வுகூட மேசைகளைச் சனி, ஞாயிறுகளில் மற்றப் பல்கலைக்கழகங்களின் மாணவருக்கும் திறப்பது நிர்வாகங்கள் இருந்து பேசித் தீர்க்கக்கூடிய விடயம்.

பேருந்தும் மேசையும் தேவைப்படாத பரிசோதனைகளும் உண்டு. முற்றத்து மாமரக் கிளையில் நூலைக் கட்டி அதில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டால் எளிய ஊசல். காணொளி நிற்கிறது. "நூலின் நீளத்தை அளந்து தட்டுங்கள். 20 அலைவுக்கு எடுத்த நேரத்தைத் தட்டுங்கள்." மாணவி 80 சென்ரிமீற்றர் என்றும் 36.8 செக்கன் என்றும் தட்டுகிறார். அதன்படி ஈர்ப்பு ஆர்முடுகல் 9.33 வருகிறது. வழமையான 9.8ஐ விடக் குறைவு. காணொளி அந்த எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொரு கேள்வி கேட்கிறது: "நீளத்தை எதுவரை அளந்தீர்கள், பூட்டின் மேல் வளையம் வரையா, பூட்டின் நடுப்பகுதி வரையா?" அவர் போய் மறுபடி அளக்கிறார். நடுப்பகுதி வரை 84 சென்ரிமீற்றர். தட்டினால் 9.8.